தானாக இறங்கும் கண்ணாடி

ஸரெம்பா வீட்டில் யாரும் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டதில்லை. இதை நான் நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லிவருகிறேன். மாதாகோவில் வாசலில் சொல்லியிருக்கிறேன். முடிவெட்டும் கடையில், கன்னத்தில் நுரையோடு எழுந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

என் தம்பி லியான், வளைகுடாவின் பனிக்கட்டி உடைந்து காரோடு உள்ளே போனான்.

ஜனவரியில் எங்கள் வளைகுடா உறைந்துவிடும். மீன் பிடிக்கிறவர்கள் வண்டியோடு அதன் மேலேயே போவார்கள். கரையிலிருந்து கட்டியின் மேல் சக்கரம் வைக்கும் முன் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவார்கள். காது உறைந்து விழுந்தாலும் சரி, அப்படித்தான் ஓட்டுவார்கள். கட்டி உடைந்தால் கதவு திறக்காது; தண்ணீர் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

லியானின் கமாரோ காரைச் சங்கிலி போட்டு வெளியே இழுத்தபோது அவன் பக்கத்துக் கண்ணாடி மேலே ஏறியிருந்தது. கடைசி அங்குலம் வரை.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. அந்த இலையுதிர்காலத்தில்தான் அவனுக்கு ஆலையில் வேலை போயிருந்தது. கல்யாணம் பேசியிருந்த பெண்ணும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். போதாக்குறைக்கு, கரையில் தூண்டில் மீன், அதாவது முள்ளில் கோர்க்கிற குட்டி மீன், விற்கிற ஆஸ்கர் லுண்ட் ஒரு சாட்சி சொன்னான். லியான் கட்டியின் மேல் இறங்குமுன் வண்டியை நிறுத்தினானாம், ஆஸ்கரைப் பார்த்தபடி கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினானாம், சிரித்தானாம், பிறகு போய்விட்டானாம். "போயிட்டு வர்றேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்பவே எனக்கு மனசு சரியில்ல" என்று ஆஸ்கர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

லியானைக் குடும்பக் கல்லுக்குப் பக்கத்தில் புதைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கோடியில், தன்னைத்தானே முடித்துக்கொண்டவர்களை வைக்கிற வேலியோரம் புதைத்தோம். அங்கே இடமில்லை என்றார் அப்பா. இடம் இருந்தது. பின்னால் அதே இடத்தில் அம்மாவும் அப்பாவும் படுத்தார்கள். எனக்கும் ஒதுக்கி, கல்லில் என் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டி வைத்தாயிற்று. அப்பா தியோஃபில் ஸரெம்பா ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அவரைப் போல நிமிர்ந்து நடந்தேன், அவருக்குப் பின் ஹார்டுவேர் கடையை நடத்தினேன், லியானுக்காக ஊரோடு வாதாடினேன். சாகப் போகிறவன் ஒரு வாளி நிறையத் தூண்டில் மீன் வாங்குவானா? பக்கத்து இருக்கையில் கூரை வரைக்கும், அந்தப் பக்க ஜன்னலே மறைய, பெட்டியும் அடுப்பும் அடுக்கிக்கொண்டு போவானா?

ஆனால் ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடி மேலே நிற்காத கண்ணாடி.

முந்தைய கோடையில் லியான் ஒரு கம்பத்தில் இடித்துக் கதவை நசுக்கிவிட்டான். பழைய சாமான் கடையிலிருந்து வேறு கதவு வாங்கி மாட்டினான். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே இறங்கும். மழை பெய்தால் இருக்கை நனையும். பனி பெய்தால் உள்ளே குவியும். "கடை வாசல்ல இப்படி ஒரு வண்டி நின்னா பாக்கறவன் என்ன நினைப்பான்?" என்று அப்பா தினமும் கத்துவார். லியான் விசிலடித்துக்கொண்டே பனியை வாரி வெளியே போடுவான்.

தானாக இறங்குகிற கண்ணாடி அன்றைக்கு மட்டும் ஏன் மேலே நின்றது? யாராவது நிறுத்தினால்தான் நிற்கும். வண்டிக்குள் இருந்தவனோ ஒருவன்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளிடம்கூட.

போன செப்டம்பரில் என் மகள் ரெனாட்டா, வறுத்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போறேன்."

"உனக்குத்தான் ஓடற கார் ஒண்ணு இருக்கே."

"அது ஓடும். இது பறக்கும்."

ரெனாட்டா படகுப் பட்டறையில் வெல்டிங் செய்கிறாள். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் முறிந்து என் வீட்டு மாடிக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆயிற்று. அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு மட்டும் பேசினாள். எழுபதுகளில் வந்த வண்டியாக ஒன்று வாங்கி, புது எஞ்சின், புது கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று எல்லாவற்றையும் மாற்றப்போகிறாள். "எஞ்சின் செத்துக் கிடந்தாலும் பரவால்ல. எனக்கு உடம்புதான் வேணும். உயிர நான் போட்டுக்கறேன்" என்றாள்.

"என்ன வண்டி?"

"மஸ்டாங் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். கார்வெட் ஒண்ணு. ரெண்டும் சரிப்படலேன்னா கமாரோ."

"கமாரோ வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். மத்த ரெண்டையும் பாரு. நானும் வர்றேன். ஸரெம்பா வீட்டு ஆள ஏமாத்தினேன்னு எவனும் பேர் வாங்கக் கூடாது."

"நீங்க வந்தா விக்கறவன் பயந்து கதவச் சாத்திப்பான்" என்றாள். ஆனாலும் அழைத்துப்போனாள்.

மஸ்டாங்கை விற்றவன் ஒரு பல் மருத்துவன். வண்டி ரத்தச் சிவப்பில் கண்ணாடி மாதிரி மின்னியது. ரெனாட்டா பையிலிருந்து ஒரு துணி சுற்றிய காந்தத்தை எடுத்துப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தாள். ஒட்டவில்லை. கதவுக்குக் கீழே வைத்தாள். காந்தம் நழுவி அவள் கையில் விழுந்தது.

"முழுக்கப் பட்டி" என்றாள். "தகடே இல்ல சார். உங்க ஆளுங்க பல்லுல அடைக்கற மாதிரி இதுலயும் அடைச்சு வெச்சிருக்காங்க."

பல் மருத்துவன் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கார்வெட் ஏரியோர வீடு ஒன்றின் கொட்டகையில் நின்றது. அதன் உடம்பு ஃபைபர், துருப்பிடிக்காது. அதைக் காட்டித்தான் விற்கப் பார்த்தார்கள். ரெனாட்டா தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்து சேசிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தினாள். ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. "சட்டை புதுசு, எலும்பு போச்சு" என்றபடி எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டாள்.

அக்டோபர் முடிவில், என் பேச்சை மீறி, கமாரோவிடம் கூட்டிக்கொண்டு போனாள். வளைகுடாவை விட்டு வெகுதூரம் உள்ளே, பீட்ரூட் வயல்களுக்கு நடுவே, கிளைட் என்கிற ஆளின் தானியக் கொட்டகை. அறுபது வயதிருக்கும். வாயில் புகையிலை.

"ஸரெம்பாவா? அந்தக் கரையோரத்து ஹார்டுவேர் கடையா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பெயின்ட் டப்பா வாங்கினா பேர் போட்ட குச்சி ஒண்ணு ஓசியில குடுப்பீங்களே கலக்கறதுக்கு! எங்கப்பா அதாலதான் முதுகு சொறிவாரு. அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க பெரியவரே? கஞ்சத்தனமா?"

"எங்கப்பா நிறுத்தினார்" என்றேன். காரணம் சொல்லும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை.

தார்ப்பாயை இழுத்தான். கறுப்பு வண்டி. லியானுடையது பச்சை. எனக்கு மூச்சு வந்தது.

ரெனாட்டா காந்தத்தோடு ஒரு சுற்று வந்தாள். எல்லா இடத்திலும் 'டக்' என்று ஒட்டியது. அடியில் நுழைந்து குத்தினாள். ஸ்க்ரூடிரைவரின் நுனிகூட உள்ளே இறங்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது. பிறகு பின்பெட்டியைத் திறந்து மூலையில் விரலை விட்டு நோண்டி, நகத்தில் வந்ததை மோந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற சேறு.

"இது தண்ணி குடிச்ச வண்டி" என்றாள்.

"எப்பவோ எங்கயோ வெள்ளத்துல நின்னிருக்கும்" என்றான் கிளைட். "எங்கப்பா ஒரு சாமான் வியாபாரிகிட்ட வாங்கினாரு. காய வெச்சாரு, கறுப்படிச்சாரு, அப்புறம் என்னமோ ஓட்டவே இல்ல. கேட்டா, உள்ள உக்காந்தா குளிருதுன்னுவாரு. ஜூலையில! வயசான காலம், என்ன செய்ய. ஒரே ஒரு குறை, மறைக்காம சொல்லிடறேன். டிரைவர் கண்ணாடி நிக்காது. தானா இறங்கும்."

நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த சின்னப் பெட்டியின் மூடியில் கை பட்டது. அதன் கீல் பித்தளை. சமையலறை அலமாரிக்குப் போடுகிற கீல். நாலு திருகாணி, நாலும் நாலு விதம். எங்கள் கடையில் மிஞ்சிய திருகாணிகளைப் பொறுக்கி நானும் லியானும் சிரித்துக்கொண்டே முடுக்கியவை.

ரெனாட்டா டிரைவர் பக்கம் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினாள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. நின்றது. பிறகு, உள்ளே யாரோ யோசித்து முடிவெடுத்த மாதிரி, மெதுவாக முழுக்க இறங்கியது.

"இதான் வேணும் எனக்கு" என்றாள் அவள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இவள் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்குவான். அறுப்பான், பிரிப்பான். அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறதோ அது அந்நியன் கையில் வெளியே வரும். எங்கள் வீட்டு விஷயம் எங்கள் கொட்டகைக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"கீல் மட்டும் அசிங்கமா இருக்கு" என்றேன். "விலையைக் குறைச்சுக்கச் சொல்லு."

குறைத்தான்.

கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வண்டியை இறக்கினோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. ரெனாட்டா பட்டறைக்குப் புறப்படுமுன் கொட்டகைக்கு ஒரு நடை வந்து பார்ப்பாள். அதற்கு முன்னால் நான் போய்க் கண்ணாடியை ஏற்றிவைப்பேன். ஒவ்வொரு காலையும் அது இறங்கியே இருந்தது. அது இறங்கும் என்று தெரியும், கிளைடே சொன்னான். ஆனாலும் கதவுப் பக்கம் நடக்கும்போது உள்ளேயிருந்து யாரோ வெளியேறிப் போய்விட்ட மாதிரி இருக்கும். சில நாள் இருக்கையைத் தடவிப் பார்ப்பேன். காய்ந்துதான் இருக்கும். கை மட்டும் சில்லிட்டுப் போகும்.

வெயிலடிக்கிற மத்தியானங்களில் வண்டியிலிருந்து வளைகுடாவின் வாசனை வந்தது.

ரெனாட்டா எஞ்சினைத் தூக்கினாள். கியர்பெட்டியை இறக்கினாள். இருக்கைகளைக் கழற்றினாள். கறுப்பைச் சுரண்டச் சுரண்டக் கீழே பச்சை தெரிந்தது. ஒருநாள் உத்தரத்தில் கட்டித் தொங்கிய பழைய குழாய்க் கட்டு ஒன்று அவள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது. ஏணியில் ஏறிக் கம்பியைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எந்தக் கிறுக்கன் கட்டினான் இத? பிரிக்கப் பிரிக்க இறுகுது!"

"உன் தாத்தா. மரியாதையாப் பேசு. அவர் இடதுகைக்காரர். எல்லாரும் முறுக்கற பக்கம் முறுக்கமாட்டார். எதிர்ப்பக்கம் திருப்பு, பிரியும்."

திருப்பினாள். பிரிந்தது.

"செத்தும் நம்மளத் திணறடிக்கறாரு மனுஷன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கதவை மட்டும் தள்ளிப்போடச் சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் பிரேக்கைப் பார் என்றேன். வயரிங்கைப் பார் என்றேன். கண்ணாடி ஏற்றுகிற புதுச் சாமான் அட்டைப்பெட்டியில் வந்து பல வாரம் பிரிக்காமல் கிடந்தது. ஜனவரியும் வந்துவிட்டது. வளைகுடா உறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொட்டகைக்குள் நுழைந்தேன். ரெனாட்டா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர். எதிரில் அந்தக் கதவு.

"அப்பா, இது லியான் சித்தப்பா வண்டிதானே?"

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டேன்.

"சமையலறை அலமாரியைத் தெனமும் திறக்கறேன். அதே கீல். அதுவுமில்லாம, காலைல நீங்க வந்து கண்ணாடிய ஏத்தறத மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். எதுக்குப்பா?"

"அவன் தானா சாகல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"ஊர் சொல்லுது."

"ஊர விடுங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். தானாக இறங்கும் கண்ணாடி மேலே நின்றதைச் சொன்னேன். அதை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடையில் கடன் கேட்க வருகிறவன் குரல் போல இருந்தது.

ரெனாட்டா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அப்ப, இத்தன வருஷமா ஊரோட சண்ட போட்டீங்களே, உங்களுக்கே நம்பிக்கை இல்லாமலா?"

"நம்பிக்கை வேற. சொல்ல வேண்டியது வேற. அவன் என் தம்பி."

"திறக்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா கதவையே வெட்டி எறிஞ்சுட்டு வேற போட்டுடறேன். ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். உங்க இஷ்டம்."

வெட்டி எறி என்று சொல்லியிருக்கலாம். அதுதான் கௌரவம். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, காலையில் நான் ஏற்றிவைத்த கண்ணாடி இறங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். அது முழுக்க இறங்கிக் கதவுக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திற" என்றேன்.

உள்பலகையைக் கழற்றினாள். டார்ச் அடித்துக் கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். "தேய்ஞ்சுபோன பல்சக்கரம். அதான் நழுவுது. வேற ஒண்ணும் இல்ல." கையை இன்னும் கீழே இறக்கினாள். "இருங்க, இருங்க. அடில என்னமோ கிடக்கு."

வெளியே எடுத்தது ஒரு மரத்துண்டு. முழங்கை நீளம். சேறு காய்ந்து சாம்பல் பூத்திருந்தது. தன் சட்டை ஓரத்தால் துடைத்தாள். ஒன்று இல்லை, இரண்டு குச்சிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது. பெரிய டப்பா பெயின்ட் கலக்குகிற நீளக் குச்சிகள். துடைத்த இடத்தில் சிவப்பு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஸரெம்பா.

"முட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "கண்ணாடி இறங்காம இருக்க, அடிலேர்ந்து நிமிர்த்தி வெச்சிருக்காங்க. இது நின்னா கைப்பிடிய எந்த ராட்சசன் சுத்தினாலும் கண்ணாடி இறங்காது. தண்ணிலேர்ந்து தூக்கினப்புறம் எப்பவோ நழுவி விழுந்திருக்கு." அவள் முகம் வெளுத்தது. "சித்தப்பாவே வெச்சுக்கிட்டாரா?"

"குடு" என்றேன்.

இரண்டு குச்சியையும் சேர்த்துக் கட்டியிருந்தது கம்பி. துருவேறி, ஆனாலும் இறுக்கமாக. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பிறகு கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். கடையில் இருபது வருஷம் அப்பா பக்கத்தில் நின்றவன் நான். எதிர்ப்பக்கம் போகிற அந்த முறுக்கு விரலுக்கே தெரியும்.

லியான் வலதுகைக்காரன். நானும்.

லியான் மூழ்கியதற்கு முந்தின நாள் மத்தியானம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா பின்வாசல் வழியாக வந்தார். கை சிவந்திருந்தது. வெந்நீரில் கழுவிக்கொண்டே, யாரிடமென்று இல்லாமல், "இனி உள்ள பனி விழாது" என்றார். கார் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். லியான் அப்போது வீட்டில் இல்லை. இருந்தாலும் அவனிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார். வேலை போன நாளிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மறுநாள் விடியும்போது அவன் போய்விட்டான்.

கரையில் வண்டியை நிறுத்தியிருப்பான். கைப்பிடியைச் சுற்றியிருப்பான். கண்ணாடி அசையவில்லை. எங்கள் ஊர்க்காரன் எவனும் அதைக் கண்டு திகைக்கமாட்டான். ஜனவரியில் கண்ணாடி உறைந்து பிடித்துக்கொள்வது சாதாரணம். இரண்டு தட்டுத் தட்டுவோம், அசையாவிட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்ச தூரத்தில் இளகிவிடும் என்று போவோம். நானே எத்தனை தடவை போயிருக்கிறேன். அவனும் உள்ளங்கையால் தட்டினான். தன்னையே ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அதைத்தான் ஆஸ்கர் ஊர் முழுக்க விடைபெற்றதாகச் சொன்னான்.

பிறகும் தட்டியிருப்பான், உள்ளே. அதை யாரும் பார்க்கவில்லை.

"தாத்தாவா?" என்றாள் ரெனாட்டா.

நான் தலையசைத்தேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வண்டியைக் கரையேற்றிய மறுநாளே அப்பா அதைத் தொலைதூரத்து வியாபாரி ஒருவனுக்குத் தள்ளிவிட்டார். பெயர் போட்ட குச்சிகளை அந்த வாரமே அடுப்பில் போட்டார், புதிதாக அச்சடிக்கவில்லை. லியானை வேலியோரம் புதைத்தார், ஊர் நினைத்ததைத் தானும் நினைக்கிறவர் போல. அதற்குப் பிறகு உயிரோடிருந்த அத்தனை வருஷமும் பனிக்கட்டியின் மேல் கால் வைக்கவில்லை. ஊர் பேசும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் நான் நிமிரக் கற்றுக்கொண்டேன்.

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சித்தப்பா பேராவது தப்பிச்சிருக்கும்."

"அவர் பேர் போயிருக்கும்."

"அதான் நம்ம வீட்டுக் கௌரவமா?" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு அது கேலியைவிட மோசமாக இருந்தது.

அவளைப் பேசாதே என்று அதட்டவில்லை. குச்சியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரத்திலேயே கல்வெட்டுகிற யான்சியிடம் போனேன். எங்கள் குடும்பக் கல்லைச் செதுக்கியவரின் பேரன். அவன் பட்டறையில் தூசிக்கு நடுவே வானொலி அலறிக்கொண்டிருந்தது.

"வாங்க மிஸ்டர் ஸரெம்பா! என்ன, தேதி போடணுமா? அதுக்கு நீங்க நேர்ல வரக்கூடாதே" என்று சிரித்தான்.

"என் பேரை அழிக்கணும்."

சிரிப்பு நின்றது. வானொலியைக் குறைத்தான்.

"அழிக்கணுமா? கல்லுல எழுதினத அழிக்க முடியாதுங்க. ஆழமா இழைச்சு எடுக்கலாம். ஆனா பள்ளம் விழும். உங்கப்பா பேருக்குப் பக்கத்துலயே இவ்ளோ பெரிய பள்ளம். பாக்கறவங்க கண்ணுக்கு அதான் முதல்ல தெரியும்."

"தெரியட்டும்."

"எல்லாரும் கேப்பாங்களே."

"கேட்டா சொல்றேன்."

"அப்ப உங்களுக்கு எங்க?"

"வேலியோரம். லியான் பக்கத்துல இடம் இருக்கு. அங்க ஒரு கல் போடு. ரெண்டு பேருக்கும் ஒரே கல். அவன் பேர் முதல்ல."

அவன் ஒரு தாளில் குறித்துக்கொண்டான். "நிலம் இளகட்டும், செஞ்சிடறேன்" என்றான்.

வசந்தத்தில் செய்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்கரின் மகன் கேட்டான், மாதாகோவில் வாசலில், எல்லோர் முன்னிலும். நான் கோட்டுக்குள்ளிருந்து அந்தக் குச்சியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். முறுக்கைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அப்பாவை அறிந்த கிழவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொருவராக வாங்கித் தடவினார்கள். யாரும் தலையாட்டவில்லை. வேறு பக்கமும் பார்க்கவில்லை. அப்பாவின் பெயரை என் வாயால் சொன்னபோது என் முதுகு வளையுமோ என்று பயந்தேன். வளையவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வரை எதுவும் சாப்பிட முடியவில்லை.

ரெனாட்டா வண்டியை முடித்துவிட்டாள். மறுபடி பச்சை அடித்தாள். எஞ்சின் முடுக்கினால் கடையின் அலமாரிகளில் ஆணிப்பெட்டிகள் நடுங்குகின்றன. பித்தளைக் கீலை மட்டும் மாற்றவில்லை. கதவுக்குள் புதுச் சாமான் போட்டு, கைப்பிடியை ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கிக் காட்டினாள். "அவ்ளோதான்பா. இனி தானா இறங்காது. நிம்மதியா தூங்குங்க."

மறுநாள் காலை வழக்கம்போல் கொட்டகைக்குப் போனேன். கண்ணாடி மேலேயே நின்றது. கடைசி அங்குலம் வரை. அதில் என் முகம் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால் உள்ளே இருட்டு. நான் காத்திருந்தேன். கொஞ்சமாவது நழுவும் என்று நினைத்தேன். அசையவில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினேன். முழுக்க இறக்கினேன்.

இப்போது தினமும் காலையில் நான்தான் இறக்குகிறேன்.